மீன்கள் செத்து மிதந்தால் காரணம் விஷம்தானா? ஆற்றுநீரின் ஆக்சிஜன் கணக்கு

ஆற்றிலோ ஏரியிலோ மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கும் செய்தி வந்தால், யாரோ விஷத்தைக் கலந்துவிட்டார்கள் என்ற பேச்சும் உடனே கிளம்பிவிடுகிறது. 2024 மே மாதம் கேரளத்தில், கொச்சிக்கு அருகே ஏலூர்–எடையாறு தொழிற்பேட்டையை ஒட்டி ஓடும் பெரியாற்றில் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. கூண்டுகளில் மீன் வளர்த்தவர்கள் போட்ட முதலையும் இழந்தார்கள். பாதாளம் என்னும் இடத்திலுள்ள தடுப்பணையின் கதவுகள் திறக்கப்பட்டதால் ஆக்சிஜன் குறைந்த நீர் கீழே இறங்கியதே காரணம் என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களோ நீரில் அமோனியாவும் சல்பைடும் கொல்லும் அளவுக்கு இருந்ததாகச் சொன்னார்கள். ஒன்று உண்மையானால் மற்றது பொய் என்பதுபோல விவாதம் நடந்தது.

ஆற்று உயிர்களைப் பற்றிய அடிப்படை ஒன்று தெரிந்திருந்தால் இந்த இரண்டு விடைகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பது விளங்கும். ஆற்றில் விலங்குகள் கூட்டமாக மாண்டுபோவதற்கு மிகப் பொதுவான காரணம் மூச்சுத் திணறல்; அந்தத் திணறலை உண்டாக்குவது பெரும்பாலும் விஷமல்ல, அளவுக்கு மீறிய உணவு. அது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீருக்குள் எவ்வளவு மூச்சு இருக்கிறது?

நீரின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறதே, பிறகு மீனுக்கு என்ன குறை என்று பலர் கேட்பதுண்டு. அந்த ஆக்சிஜன் ஹைட்ரஜனோடு பிணைந்து கிடப்பது. எந்த மீனாலும் அதைப் பிரித்து எடுக்க முடியாது. மீன் சுவாசிப்பது காற்றிலிருந்து நீரில் கரைந்து தனியாக இருக்கும் ஆக்சிஜனை. இதற்குக் கரைந்த ஆக்சிஜன் என்று பெயர். ஒரு லிட்டர் நீரில் எத்தனை மில்லிகிராம் என்று இதை அளப்பார்கள்.

அந்த அளவு மிகச் சிறியது. ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 280 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் தூய நீரில் அதிகபட்சம் 7.5 மில்லிகிராம்தான் கரையும். நீர் குளிரக் குளிர ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும். 0 டிகிரியில் 14.6 மில்லிகிராம் வரை போகும். ஆகவே நம் சமவெளி ஆறுகள், ஒரு சொட்டுக் கழிவும் கலக்காத நிலையிலும், குளிர்நாட்டு ஆறுகளைவிடக் குறைந்த கையிருப்போடுதான் ஓடுகின்றன. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. வெப்பம் ஏறினால் மீனின் உடல் வேகமாக இயங்கும், அதற்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் கூடும். சித்திரை வெயிலில் ஆறு தரக்கூடியது குறையும்போது மீன் கேட்பது கூடுகிறது.

இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில், மீன்வளத்துக்கும் காட்டுயிர்களுக்கும் ஏற்ற நீரில் லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும். கோடையில் முழு இருப்புக்கும் இந்த எல்லைக்கும் இடையே உள்ள தூரம் வெறும் மூன்றரை மில்லிகிராம்.

சுருக்கமாக: மீன் சுவாசிப்பது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை. அது காற்றில் இருப்பதில் 30இல் ஒரு பங்குகூட இல்லை. வெயிலில் இன்னும் குறையும்.

வரவும் செலவும்

அன்றாடக் கூலியில் வாழும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளலாம். கையில் சேமிப்பு என்று பெரிதாக இல்லை. ஆனாலும் நாள்தோறும் கூலி வருகிறது, நாள்தோறும் செலவாகிறது, அடுப்பு எரிகிறது. வீட்டுக்குத் திடீரென்று இருபது விருந்தாளிகள் வந்து தங்கிவிட்டால், கூலி நிற்காமல் வந்துகொண்டிருந்தாலும், வாரம் முடிவதற்குள் அந்த வீட்டில் பட்டினி. விருந்தாளிகள் யாரும் கெட்டவர்கள் அல்லர், சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

ஆற்றுக்கு வரவு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, நீரின் மேற்பரப்பு வழியாகக் காற்றிலிருந்து கரைவது. பாறைகளில் மோதிச் சலசலத்து ஓடும் இடத்தில் இது வேகமாகவும், தேங்கி நிற்கும் இடத்தில் மிக மெதுவாகவும் நடக்கும். மற்றது, பகலில் பாசிகளும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கையில் வெளிவிடுவது. செலவு செய்பவர்களோ எல்லா உயிர்களும்: மீன், நண்டு, நத்தை, பூச்சி, இரவு பகலாக அந்தத் தாவரங்களும்கூட. இவர்கள் எல்லோரையும்விடப் பெரிய செலவாளிகள் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்.

கழிவுநீர் யாருக்கு உணவு?

வீட்டுச் சாக்கடையில் மலமும் சோற்றுக் கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் கலந்திருக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி பாக்டீரியாக்களுக்கு உணவு. உணவு கிடைத்ததும் அவை பல மடங்காகப் பெருகுகின்றன; அந்த உணவைச் செரிப்பதற்கு நீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. குறிப்பிட்ட அளவு நீரிலுள்ள கழிவைச் சிதைக்கப் பாக்டீரியாக்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்பதற்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்று பெயர்; அலுவலக வழக்கில் பி.ஓ.டி. மாதிரி நீரை ஒரு குப்பியில் அடைத்து, இருட்டில், ஒரே வெப்பநிலையில் சில நாள் வைத்திருந்து, தொடக்கத்தில் இருந்த ஆக்சிஜனில் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். பல நாடுகளில் 20 டிகிரியில் 5 நாள் வைப்பது வழக்கம். இந்தியாவில் 27 டிகிரியில் 3 நாள்.

சுத்திகரிக்காத வீட்டுச் சாக்கடையின் பி.ஓ.டி. பொதுவாக லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். ஆற்றுநீர் ஒரு லிட்டரில் இருப்பதோ 7.5 மில்லிகிராம். கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் சாக்கடை, நல்ல ஆற்றுநீர் 30 லிட்டரில் உள்ள ஆக்சிஜன் முழுவதையும் தீர்த்துவிடும்.

இதை இன்னும் தெளிவாகக் காட்டுவது பால். பாலின் பி.ஓ.டி. லிட்டருக்கு ஒரு லட்சம் மில்லிகிராமை ஒட்டி வரும். ஒரு லிட்டர் பாலைச் சிதைக்க, மேற்சொன்ன கணக்கின்படி, 13,000 லிட்டர் ஆற்றுநீரின் ஆக்சிஜன் செலவாகும். பால் பதப்படுத்தும் ஆலை, சர்க்கரை ஆலை, ஜவ்வரிசி ஆலை ஆகியவற்றின் கழிவில் 'விஷம் எதுவும் இல்லை' என்று சொல்லப்படுவது சொல்லளவில் சரியாகவே இருக்கலாம். ஆற்று மீனுக்கு அந்தச் சமாதானத்தால் ஒரு பயனும் இல்லை. மாசு என்றாலே நிறமும் நுரையும் நெடியும் என்று நாம் பழகிவிட்டதுதான் இந்தக் குழப்பத்துக்கு வேர் என்று தோன்றுகிறது.

சுருக்கமாக: கழிவு பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது; அவை பெருகி ஆக்சிஜனைத் தீர்க்கின்றன; அந்த ஆக்சிஜனை நம்பியிருந்த விலங்குகள் திணறுகின்றன.

ஓடும் ஆறு தானே தெளிந்துவிடாதா?

தெளியும், ஆனால் அதற்குத் தூரமும் நேரமும் வேண்டும். அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இருவர் 1925இல் இதற்கு ஒரு கணக்குமுறை தந்தார்கள். கழிவு விழும் இடத்திலேயே ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடுவதில்லை. பாக்டீரியாக்கள் பெருகக் கொஞ்சம் நேரமாகும்; அதற்குள் நீர் கீழே நகர்ந்துவிடும். எனவே ஆக்சிஜன் படிப்படியாகச் சரிந்து, கழிவு விழுந்த இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி மிகக் குறைந்த நிலையைத் தொடும். அதன்பின் உணவு தீரத் தீரச் செலவு குறைந்து, காற்றிலிருந்து வரும் வரவு மேலோங்கி, ஆறு மெல்ல மீளும். ஒரு ஊரின் சாக்கடையால் அடுத்த ஊரில் மீன் சாவது இதனால்தான். செத்த இடத்தில் குழாயைத் தேடுகிறவர்களுக்கு ஒன்றும் அகப்படுவதில்லை.

ஆறு மீள்வதற்குள் இன்னொரு ஊரின் சாக்கடை வந்து சேர்ந்தால் சரிவின் மேல் சரிவு. லண்டன் நகரின் தேம்ஸ் ஆற்றுக்கு நேர்ந்தது இது. 1950களின் பிற்பகுதியில் நகரை ஒட்டிய நெடிய பகுதியில் விலாங்கு போன்ற தாங்குதிறன் மிக்க மீனைத் தவிர நிலையாக வாழும் மீனே இல்லை என்ற நிலை வந்தது. உயிரியல் நோக்கில் செத்துவிட்ட ஆறு என்று 1957இல் அதைச் சொன்னார்கள். கழிவுநீர் நிலையங்களை விரிவாக்கி, ஆற்றில் சேரும் பி.ஓ.டி. சுமையைக் குறைத்தபின் மீன்கள் திரும்பத் தொடங்கின. 1974இல் அங்கே ஒரு சால்மன் அகப்பட்டது, அது தூய நீரைத் தேடும் மீன். தேம்ஸில் யாரும் விஷமுறிவு மருந்து ஊற்றவில்லை. விருந்தாளிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள்.

கறுப்புச் சகதி

தடுப்பணைக்குப் பின்னாலும் வளைவுகளிலும் நீர் தேங்கும் இடத்தில், கழிவு அடியில் படிந்து சகதியாகிறது. அங்கே ஆக்சிஜன் முழுக்கத் தீர்ந்தபிறகும் சிதைவு நிற்பதில்லை. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வேறு பாக்டீரியாக்கள் பொறுப்பேற்கின்றன. அவற்றுள் சில நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளிவிடுகின்றன. புரதக் கழிவு சிதைவதால் அமோனியாவும் சேர்கிறது. இரும்போடு சல்பைடு சேர்ந்து உண்டாகும் பொருள்தான் அந்தச் சகதிக்குக் கறுப்பு நிறத்தைத் தருகிறது. அப்படிப்பட்ட சகதியை ஒரு கை அள்ளிக் கரையில் வைத்தால், காற்றுப் பட்ட மேற்பகுதி சிறிது நேரத்தில் பழுப்பாக மாறுவதைப் பார்க்கலாம். உள்ளே கறுப்பாகவே இருக்கும்.

இந்தச் சகதி கிளறப்படும் நாள் மீன்களுக்குப் பொல்லாத நாள். அணையின் கதவு திறந்தாலும், கோடையின் முதல் பெருமழையில் சாக்கடைகளில் மாதக்கணக்கில் தேங்கியது மொத்தமாக அடித்து வரப்பட்டாலும், ஆக்சிஜன் இல்லாத நீரும் சல்பைடும் அமோனியாவும் ஒருசேர இறங்குகின்றன. பெரியாற்று விவாதத்தை இந்தப் பின்னணியில் பார்த்தால், ஆக்சிஜன் குறைவு என்றவர்களும் அமோனியா, சல்பைடு என்றவர்களும் ஒரே சகதியைப் பற்றிப் பேசியிருக்கக்கூடும். அந்தச் சகதிக்கு இத்தனை ஆண்டுகளாக யார் உணவு போட்டார்கள் என்ற கேள்விக்குக் கதவைத் திறந்தது விடையாகாது.

பச்சை நீரும் விடியற்காலையும்

சாக்கடையிலும் உரம் கரைந்த வயல்நீரிலும் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்திருக்கும். இவை நீரில் கூடிப் பாசிகள் கட்டுக்கடங்காமல் பெருகும் நிலைக்கு மிகையூட்டம் என்று பெயர். பகலில் பாசிகள் ஆக்சிஜனை அள்ளித் தருவதால் நண்பகலில் அளந்தால் அளவு மிக நன்றாக இருக்கும். பொழுது சாய்ந்ததும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், சுவாசம் நிற்காது. இரவு முழுக்கப் பாசிகளே ஆக்சிஜனைச் செலவு செய்து, சூரியன் எழுவதற்குச் சற்று முன் இருப்பு மிகக் கீழே போகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அந்த நேரத்தில்தான்.

நண்பகலிலும் ஓர் ஆபத்து உண்டு. பாசிகள் நீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது; அதாவது அமில-காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். என்ற எண் கூடுகிறது. அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அதிகத் தீங்கில்லாத அம்மோனியம் ஒன்று, செவுளுக்குள் எளிதில் புகுந்து கொல்லும் தனி அமோனியா மற்றொன்று. 25 டிகிரியில், பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூடத் தனி அமோனியா இருக்காது; பி.எச். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதுவாகிவிடும். புதிதாக எதுவும் கலக்காமலே, அதே நீர் மதியத்தில் நஞ்சாகிவிடுகிறது.

சுருக்கமாக: பச்சை நீரின் ஆக்சிஜன் பகலில் ஏறி விடியலில் விழும், அதில் அமோனியாவும் இருந்தால் பகலும் பாதுகாப்பில்லை.

எது முதலில் சாகிறது?

காரணத்தை ஊகிக்கக் கரையிலிருந்தே சில தடயங்களைப் பார்க்கலாம். ஆக்சிஜன் குறைவால் நேரும் சாவில் பெரிய மீன்கள் முதலில் சாவதும், சிறியவை மேற்பரப்பை ஒட்டிச் சற்று நேரம் தாக்குப்பிடிப்பதும் வழக்கம். பூச்சிக்கொல்லி போன்ற நஞ்சானால் சிறிய மீன்களும் இறால்களும் பூச்சிகளும் முந்திக்கொள்ளும். பொழுதைப் பற்றிய கணக்கும் இராது. நீர் வண்டுகளை இங்கே கவனிக்க வேண்டும். அவை மேலே வந்து காற்றை எடுத்துக்கொண்டு மூழ்குபவை. ஆக்சிஜன் தீர்ந்த நீரிலும் பிழைத்திருக்கும். வண்டுகளும் சேர்ந்து மிதந்தால் விஷம் என்ற சந்தேகத்துக்கு வலு கூடுகிறது. இவை தடயங்கள் மட்டுமே. தீர்ப்பைச் சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

'ஆற்றில் இன்னும் மீன் இருக்கிறதே' என்ற வாதத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். விரால், தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவற்றுக்குச் செவுளோடு காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பும் உண்டு. வண்ணமீன் தொட்டியிலிருந்து தப்பி நம் நீர்நிலைகளில் பரவிவிட்ட 'டேங்க் கிளீனர்' மீன் காற்றை விழுங்கி இரைப்பை வழியாகவே சுவாசிக்கும். கெண்டை வகைகள் மறைந்து இவை மட்டும் எஞ்சியிருக்கும் ஆற்றில் வலை நிறைய மீன் கிடைக்கலாம். நீரில் ஆக்சிஜன் இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

இந்தக் கணக்கில் அடங்காதவை

எல்லா மாசும் ஆக்சிஜன் வழியாகக் கொல்வதில்லை. திருப்பூரின் சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்த காலத்தில் முதன்மைச் சிக்கல் உப்பு. சாயம் துணியில் ஏறுவதற்குப் பெருமளவு உப்பு சேர்க்கப்படுகிறது. அது சிதையாது, ஆக்சிஜனைத் தீர்க்காது, பி.ஓ.டி. சோதனையில் தென்படாது. பாசனத்துக்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் இடமாகி, அதன் நீரைத் திறக்க வேண்டாம் என்று உழவர்களே சொல்லும் நிலைக்கு வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது இந்த மாசு பற்றிய வழக்கின் தொடர்ச்சியில்தான். நன்னீர் விலங்கின் உடல் நீரைவிட உப்பு மிகுந்தது. வெளியே உப்பு ஏறினால் உடலின் நீர்ச் சமநிலையே குலைந்துவிடுகிறது. பி.ஓ.டி. குறைவு என்ற ஒரே எண்ணைக் காட்டி ஆறு நலம் என்று சொல்ல முடியாததற்கு நொய்யலே போதும்.

சோதனைக் குப்பியும் நேரமும்

கரைந்த ஆக்சிஜனை அளக்க இன்றைக்கு மின்னணுக் கருவிகள் உண்டு. 1888இல் விங்க்ளர் என்ற வேதியியலாளர் வகுத்த பழைய முறையும் வழக்கில் இருக்கிறது. காற்றுக் குமிழி இல்லாமல் குப்பி நிறைய நீர் எடுத்து, ஆற்றங்கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் சேர்ப்பார்கள். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு இறங்கும். இல்லாவிட்டால் வெள்ளையாக இறங்கும். அந்த இடத்திலேயே இதைச் செய்யாமல் குப்பியை வெயிலில் நகரம் வரை கொண்டுபோனால், வழியில் பாக்டீரியாக்கள் தம் வேலையைத் தொடரும். கிடைக்கும் எண் ஆற்றினுடையதாக இராது. பச்சை நீரில் காலை பதினொரு மணிக்கு எடுத்த மாதிரியும் இப்படித்தான் ஏமாற்றும். விடியலில் மீன் செத்திருக்க, நண்பகல் அறிக்கையில் ஆக்சிஜன் போதுமான அளவு என்று வருவதில் பொய் எதுவும் இல்லை, நேரம்தான் தவறு.

அடியில் வாழ்பவை

நீர் ஓடிப்போய்விடும், அடியில் வாழ்பவை ஓட முடியாது. ஆற்றின் தரையிலும் கல்லுக்கடியிலும் வாழும் பூச்சி இளவுயிரிகள், புழுக்கள், நத்தை, மட்டி ஆகியவற்றை அடித்தள உயிரிகள் என்பார்கள். மாதிரி எடுக்கத் தவறிய நாட்களில் என்ன நடந்தது என்பதை இவற்றைக் கொண்டு ஓரளவு அறியலாம். ஓடும் நீரில் ஒரு கல்லைப் புரட்டினால், மேஃபிளை என்னும் பூச்சியின் இளவுயிரி தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும்; வயிற்றின் இரு பக்கமும் இலை போன்ற செவுள்கள். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் மறையும் உயிர்களுள் இதுவும் ஒன்று. மாசு கூடும்போது இரத்தப் புழு பெருகும்; நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அதற்கும் இருப்பதால் அந்தச் சிவப்பு, கொஞ்ச ஆக்சிஜனையும் அதனால் பிடித்துக்கொள்ள முடியும். வண்ண மீன்களுக்கு உணவாக விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு இன்னும் மோசமான சகதியிலும் வாழும். பிரிட்டனில் உருவான ஒரு மதிப்பெண் முறையில் தூய நீர் மேஃபிளைக் குடும்பங்களுக்கு 10, இரத்தப் புழுக் குடும்பத்துக்கு 2, இத்தகைய புழுக்களுக்கு 1 என்று கொடுத்துக் கூட்டி, ஆற்றின் நிலையைக் கணிப்பார்கள்.

மீளும்போதும் இவை எல்லாம் ஒரே சமயத்தில் திரும்புவதில்லை. புழுக்கள் முதலில் வரும். மேஃபிளை வளர்ந்தபின் சிறகுள்ளது. மேலே ஓர் ஓடையில் எஞ்சியிருந்தால் பறந்து வந்து முட்டையிடும். மட்டிக்கு அது முடியாது. பெரும்பாலான நன்னீர் மட்டிகளின் குஞ்சுகள் மீனின் செவுளிலோ துடுப்பிலோ சில நாளோ சில வாரமோ ஒட்டி வளர்ந்தபிறகே தரையில் இறங்கும். ஆகவே ஆக்சிஜன் சரியாகி, ஏற்ற மீன் திரும்பி, அந்த மீன் வேறெங்கோ மட்டி உள்ள இடத்திலிருந்து குஞ்சுகளைச் சுமந்து வந்தபிறகுதான் அந்த ஆற்றில் மட்டி மீண்டும் தலைகாட்டும்.